நாலு நாள் தாய்

மேல் தட்டில் அவளுக்கானவை, நடுத்தட்டில் குழந்தைக்கானவை, கீழ்த்தட்டில் கையிருப்பு என்று மகள் நித்திலா ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டாள், மூன்றும் குரல் செய்திகள், பின்னால் ஒரு நர்ஸ் யாரையோ அதட்டிக்கொண்டே இருக்கிறாள், நானும் மூன்று முறை கேட்டுவிட்டேன், இருந்தும் இந்தப் பெரிய பேடு பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலுக்கும் சக்கரம் வைத்த தட்டு வண்டிக்கும் நடுவில் நிற்கிறேன். இது அவளுக்கானது, ஆகவே மேல் தட்டு. ஆனால் மேல் தட்டில் வைத்தால் அறைக்குள் வருகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படும், சம்பந்தியம்மா கண்ணில் படும், அடுக்கியது நான் என்பதும் சேர்ந்தே படும். நாற்பத்தொன்பது வயது, பதினாறு வருடம் இங்கிலாந்து, அங்கே கடையில் இதையெல்லாம் ரொட்டிக்குப் பக்கத்து வரிசையில் வைத்து விற்பார்கள், ஒன்றும் தோன்றாது, வடவள்ளி மருந்துக்கடையில் மட்டும் எனக்குக் காது சூடாகிறது. நேற்று அந்தக் கடைப்பெண் உரக்கத்தான் கேட்டாள். "அங்கிள், டெலிவரி பேடா, சாதாவா?" டெலிவரி என்றேன். "ஆன்ட்டி வரலீங்களா? அவங்க வந்தா சைஸ் கரெக்டா சொல்லுவாங்க." வீட்டில் வேலையாக இருக்கிறாள் என்றேன். பூங்கோதை இறந்து ஆறு வருடமாகிறது. ஒரு நொடியில் அவளை எழுப்பி அடுப்படியில் நிறுத்திவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஸ்கூட்டரை எடுத்த பிறகுதான் யோசித்தேன், அதுவும் கொஞ்ச தூரம்தான், சிக்னல் வந்ததும் விட்டுவிட்டேன். எனக்குப் பொய் அப்படித்தான் வரும், தும்மல் மாதிரி, வந்த பிறகுதான் வந்தது தெரியும். பொட்டலத்தைக் கீழ்த்தட்டில், துணிகளுக்குப் பின்னால் திணித்தேன். பிறகு நினைத்தேன், தையல் போட்டவள், உட்காரவே தலையணை கேட்கிறவள், என் கூச்சத்துக்காகக் குனிந்து துழாவ வேண்டுமா. எடுத்து மேல் தட்டிலேயே வைத்தேன். தண்ணீர் பாட்டில், பேரீச்சை டப்பா, மார்க்காம்புக்குத் தடவும் களிம்பு, வலி மாத்திரை, தையலைக் கழுவிக்கொள்ளும் அழுத்துக் குப்பி, பேடு. மணி பத்து நாற்பது. பன்னிரண்டுக்கு டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டால் கிளம்பிவிடுவார்கள்.

தட்டு வண்டியை நேற்றே திருகிப் பொருத்திவிட்டேன், மூன்று தட்டு, நான்கு சக்கரம், ஒரு சக்கரம் மட்டும் உருளும்போது லேசாக ஆடுகிறது. அதை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதற்குத்தான் நான்காவது செய்தி, அதை ஒரே ஒரு முறை கேட்டேன், மறுபடி கேட்கத் தைரியம் இல்லை, ஆனால் கேட்காமலே ஓடுகிறது. "அப்பா, வண்டிய என் பக்கம் வைக்காதீங்க, நாற்காலி பக்கமா வைங்க. நீங்கதான எடுத்துக் குடுக்கப் போறீங்க. அப்புறம், காலைல ஆறுலருந்து பத்து வரைக்கும் நான் கதவைச் சாத்திட்டுத் தூங்கிருவேன். பாலப் பீச்சி வெச்சிருவேன். அவளை நீங்க ஹால்ல வெச்சுக்குங்க. உங்களுக்கென்ன, நாலு நாள் ஒத்தைல பாத்தவருக்கு நாலு மணி நேரம் ஒரு கணக்கா." கடைசியில் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் சந்தேகத்தின் ஒரு இழைகூட இல்லை. ஆறிலிருந்து பத்து. சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நானும் மூன்று நாள் வயதுள்ள ஒன்றும். நாளைக்கே. மாப்பிள்ளை கிருபாகரன் கப்பலில் இருக்கிறான், பங்குனிக்கு முன்னால் இறங்க முடியாது. சமையலுக்கு வருகிற அம்மா பதினோரு மணிக்கு வந்து ஒரு மணிக்குப் போகிறவள். ஆகவே நான்தான். இதைத்தானே நித்திலா ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகிறேன், தாய் இல்லாவிட்டால் என்ன, எங்கப்பா இருக்கிறார் என்று.

வளைகாப்பன்று சம்பந்தி வசந்தாமணியம்மா கேட்டது தப்பே இல்லை. அத்தனை பேர் நடுவில் கேட்டார் என்பதுதான் தப்பு, அதைக்கூட இப்போது தப்பு என்று சொல்ல மாட்டேன். "ஏனுங்கண்ணா, கோவிச்சுக்காதீங்க. பொம்பள இல்லாத ஊட்டுக்கு எப்படீங்க அனுப்பறது? புள்ள வீல்வீல்னு கத்துனா எடுத்து வெச்சுக்கறது ஆருங்க? எங்கூட்டுலயே இருந்துக்கட்டுமே." நான் வாயைத் திறக்கும் முன்னால் நித்திலா, முழங்கை வரை கண்ணாடி வளையலோடு, கன்னத்தில் சந்தனத்தோடு, எழுந்தே விட்டாள். "எங்கப்பா எடுப்பாருங்க அத்தை. நான் பொறந்து பதினோராம் நாள் எங்கம்மாவுக்கு ஜுரம் வந்து ஆஸ்பத்திரில சேத்தப்ப, அந்த ஊர்ல ஒரு மனுசர் துணையில்லாம நாலு நாள் என்னைய வெச்சுப் பாத்தவரு. உங்கூட்டு ஆம்பளைக ஆராச்சும் நாலு மணி நேரம் பாத்திருக்காங்களா?" பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. யாரோ ஒருத்தி, "அடேங்கப்பா, நாலு நாள் தாய்!" என்றாள். கை தட்டினார்கள். வசந்தாமணியம்மா முகம் சுண்டிப்போனது. நான் சிரித்தேன். அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், என் முகத்தை நான் பார்க்க முடியாது, இருந்தும் பார்க்கிறேன், புகழ்ச்சியை வேண்டாம் என்று தள்ளுகிற மாதிரி லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, அடக்கமாக. அடக்கம் வேறு. அந்த அம்மாவைப் பொல்லாதவளாக்கிவிட்டு அடக்கமாகச் சிரித்தேன்.

நடுத்தட்டு. டயபர், பஞ்சு, வெந்நீருக்கு எவர்சில்வர் கிண்ணம், கோவணத் துணி இருபத்துநான்கு, அடியில் விரிக்க ரப்பர் துணி. கோவணத் துணிகளை மூன்று தரம் அலசினேன், கஞ்சி முழுக்கப் போக வேண்டும், அந்தி சாய்ந்தால் கொடியில் கிடக்கக்கூடாது என்று வசந்தாமணியம்மா சொல்லி அனுப்பியிருந்தார், நாலு மணிக்கே எடுத்து மடித்தேன். துணியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை, அது என் பிழைப்பு, படித்ததும் அதுதான், அங்கே அந்த மலைச்சரிவு மில் ஊரில் வேலை பார்த்ததும் அதுதான், திரும்பி வந்து திருப்பூரில் பார்ப்பதும் அதுதான். விளக்கு மேஜை மேல் துணியை ஓடவிட்டு, இழை விட்ட இடம், முடிச்சு விழுந்த இடம், எண்ணெய்க் கறை, ஒவ்வொன்றாக நிறுத்திக் குறிப்பது. என் கண்ணுக்குத் தப்பாது என்று பெயர். கட்டைவிரலால் இப்போதும் தடவிப் பார்க்கிறேன், பழக்கம், நல்ல துணி, மெத்தென்று இருக்கிறது. நித்திலாவுக்கு அப்போது இப்படித் துணி இல்லை, கடையில் வாங்கிய டயபர்தான், மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டரை மணிக்கு மாற்றினேன், பால் புகட்டினேன், தோளில் போட்டுத் தட்டினேன், எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன், அவள் நிறுத்தவில்லை. காலையிலிருந்தே நிறுத்தவில்லை. பூங்கோதை இருந்த வார்டில் குழந்தையை உள்ளே விடமாட்டார்கள், கிருமி. யாரையும் கூப்பிட எனக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்றியது, வெட்கமாக இருந்தது. கையில் இருந்த அந்தச் சின்ன உடம்பு விறைத்து வில்லாக வளைந்தபோது என் கை இறுகியது. அது எனக்குத் தெரிந்தது. இறுகுகிறது என்று தெரிந்தவுடன் தொட்டிலில் கிடத்தினேன், கதவைச் சாத்தினேன், கோட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். கொஞ்ச நேரம். பத்து நிமிடம் காற்று வாங்கிவிட்டு வந்தேன்.

பத்து நிமிடம் என்று இத்தனை வருடமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிறகு எங்கேயோ படித்தேன், தாள முடியவில்லை என்றால் குழந்தையைப் பத்திரமான இடத்தில் கிடத்திவிட்டுச் சில நிமிடம் அடுத்த அறைக்குப் போங்கள், அதுதான் சரி, கையை நம்ப முடியாதபோது கையை எடுத்துவிடுவதுதான் சரி என்று. அந்தப் பக்கத்தை எத்தனை தரம் படித்தேன், விடுதலைத் தீர்ப்பின் நகல் கையில் கிடைத்தவன் மாதிரி. ஆனால் அதில் பேருந்து வரவில்லை. நான் தெருமுனைக்குப் போனேன், பேருந்து வந்தது, ஏறினேன். பேருந்தின் மாடியில் முன் இருக்கை. இருபத்தைந்து நிமிடம், கடைசி நிறுத்தம் வரை. மூன்றரை மணிக்கே அங்கே தை மாதத்தில் இருட்டத் தொடங்கும், கடைகளில் விளக்கு போட்டிருந்தார்கள். இறங்கி ஒரு கடையில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கினேன், வினிகர் ஊற்றித் தந்தார்கள், காகிதம் நனைந்து சுடச்சுட, நின்றுகொண்டே தின்றேன், விரலை நக்கினேன். இங்கேதான் ஒவ்வொரு முறையும் மனசு தடுக்கி விழுகிறது, எழுந்து வேறு வழியாகச் சுற்றிப் போகப் பார்க்கிறது, சுற்றினாலும் இங்கேதான் வந்து நிற்கிறது. நான் கலங்கிப்போய் நின்றேன், அழுதேன், செய்வதறியாமல் அலைந்தேன் என்றால் யாரிடமும் சொல்லிவிடலாம், சொன்னால் முதுகைத் தட்டிக்கொடுப்பார்கள். நான் சந்தோஷமாக இருந்தேன். அந்த வறுவலைப் போல ருசியாக நான் எதையும் தின்றதில்லை. குழந்தை ஞாபகம் வராமல் இல்லை, வந்தது, எங்கோ யாருக்கோ நடப்பது போல வந்தது. எதிரே பேருந்து நிலையம். உள்ளே போய் மான்செஸ்டர் விமான நிலையத்துக்கு அடுத்த வண்டி எப்போது என்று கேட்டேன். கேட்டேன். நாலு ஐம்பதுக்கு என்று அந்த ஆள் சொன்னான். நன்றி சொன்னேன். ஒரு பெஞ்சில் கொஞ்சம் உட்கார்ந்தேன். எது என்னை எழுப்பியது என்று தெரியாது, பாசம் என்று சொல்ல ஆசைதான், அங்கே நிறுத்தத்தில் எங்கள் ஊர்ப் பேருந்து புறப்படத் தயாராக நின்றது, ஏறிவிட்டேன், அவ்வளவுதான். வேறு பேருந்து நின்றிருந்தால்? ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம். பத்து அல்ல. பதின்மூன்று நாள் குழந்தை, பூட்டிய வீடு.

படியேறி வந்தபோது எங்கள் கதவுக்கு முன்னால் நசீம் உட்கார்ந்திருந்தார். எதிர் வீட்டு அம்மா, அறுபது வயதிருக்கும், லாகூர்ப் பக்கம், அதுவரை எங்களுக்குள் வணக்கம் சொல்வதோடு சரி. அங்கே கதவில் தபால் போடுவதற்கு ஒரு பிளவு இருக்கும், முழங்கால் உயரத்தில், மூடி போட்டது. அந்த மூடியை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளவோடு வைத்து, பஞ்சாபியில் என்னவோ பேசிக்கொண்டிருந்தார், தாலாட்டு இல்லை, பேச்சுதான், சந்தைக்குப் போன கதை சொல்வது போல. என்னைப் பார்த்ததும் மூடியை மெதுவாக விட்டார். சுவரைப் பிடித்து எழுந்தார், முழங்கால் பிடித்துக்கொண்டது, நான் கை கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. இப்போதுதான் நிறுத்தினாள் என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். தன் வீட்டுக்குள் போனார். போலீஸைக் கூப்பிட்டிருக்கலாம். ஏன் கூப்பிடவில்லை என்று நான் கேட்டதில்லை, அதற்குப் பிறகு நான்கு வருடம் எதிர் எதிர் கதவில் இருந்தோம், நான் அவர் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் உள்ளேயே நின்றுவிடுவேன், அவர் படி இறங்கி முடிந்த பிறகு இறங்குவேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் பூங்கோதை கேட்டாள், ரொம்ப அழுதாளா? இல்லை, சமர்த்தாக இருந்தாள் என்றேன். பக்கத்தில் இருந்த நர்ஸ் என் தோளைத் தட்டினாள். கதை அங்கே பிறந்தது. நான் அதற்கு ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை, அதுதான் என் சாமர்த்தியம், மற்றவர்கள் சேர்க்கச் சேர்க்கத் தலையைத் தாழ்த்தினேன்.

சேர்த்தவர்களில் முதல் ஆள் பூங்கோதை. யார் வந்தாலும் சொல்வாள். நாலு நாளுங்க. ஒத்தையாளா. சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள், அன்பு என்று எடுத்துக்கொண்டேன், எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வது. கீழ்த்தட்டில் துவாலைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறேன், ஒன்றின் மேல் ஒன்றாக, நின்ற இடத்திலிருந்தே எடுக்கும்படி மடிப்பு வெளியே தெரிய, இப்படி மடிப்பு வெளியே தெரிய அடுக்குகிறவள் அவள்தான், என் கைக்கு அது எப்போது வந்தது என்று தெரியவில்லை, சட்டென்று அந்தக் கூடை ஞாபகம் வந்தது. நீலப் பிளாஸ்டிக் கூடை, அழுக்குத்துணி போடுவது. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதில் எல்லாம் வைத்திருந்தாள், டயபர், பஞ்சு, பால் புட்டி, மாற்றுத்துணி, தனக்குப் பிஸ்கட்டு, தண்ணீர். அடுப்படிக்குப் போனால் ஒரு இடுப்பில் நித்திலா, இன்னொரு கையில் கூடை. குளியலறைக்குப் போனால் கூடையும் குழந்தையும் உள்ளே போகும், கதவு சாத்தப்படும். ஊசி போட, தபால் நிலையத்துக்கு, எதிர்க் கடையில் பால் வாங்க, மழையில், பனியில், தூக்கிக்கொண்டே போவாள், நான் சோபாவில் உட்கார்ந்திருப்பேன். குடுத்துட்டுப் போயேன் என்று ஒன்றிரண்டு தரம் சொல்லியிருக்கிறேன். "இருக்கட்டும், நீங்க டயர்டா இருப்பீங்க." எவ்வளவு நல்ல மனைவி என்று நினைத்தேன். அம்மாவாகிவிட்டால் பெண்கள் இப்படித்தான், ஒரு நிமிடம்கூடப் பிரிய மாட்டார்கள் என்று நினைத்தேன். நித்திலாவுக்கு ஐந்து வயதாகிப் பள்ளிக்கூடம் போகிற வரை ஒரு நாள், ஒரு மணி நேரம், அவளை என்னோடு தனியாக விட்டதில்லை. ஒரு மணி நேரம் கூட இல்லை. துவாலையைக் கையில் பிடித்தபடி நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், ஒன்றாவது அகப்படாதா என்று, கிடைக்கவில்லை. அவளுக்குத் தெரியும். நசீம் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது அவளுக்கு வசதி இல்லை, காவல். யாரிடமும், இதைக் கொஞ்சம் பிடி என்று சொல்ல நேரக்கூடாது. யாரிடமும் என்ன யாரிடமும், வீட்டில் வேறு யார் இருந்தார்கள், என்னிடம். பிறகு ஏன் ஊரெல்லாம் அந்தக் கதையைச் சொன்னாள்? என்னைக் காப்பாற்றவா, குத்தவா, ஒருநாள் நானே வாய் திறப்பேன் என்று கதவைத் திறந்து திறந்து வைத்தாளா? ஆஸ்பத்திரியில் கடைசி மாதம் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ பேசினாள், இதைப் பேசவில்லை. நானும்தான். ஆறு வருடம் கழித்து ஒரு துவாலையைப் பிடித்துக்கொண்டு எனக்குக் காது, கழுத்து, நெஞ்சு எல்லாம் எரிகிறது. அவள் முன்னால் இருபது வருடம் அடக்கமாகத் தலை தாழ்த்தியிருக்கிறேன்.

பதினொன்று முப்பத்தைந்து. குரல் செய்தியாக அனுப்பிவிடலாம் என்று போனை எடுத்தேன். அம்மிணி, ஒரு சின்ன விஷயம். அழித்தேன், சின்ன விஷயமா. அம்மிணி, அந்த நாலு நாள் கதையில ஒரு திருத்தம். பரீட்சைத் தாளா இது, அழித்தேன். ஆங்கிலத்தில் பேசிப் பார்த்தேன், ஸ்ட்ரெஸ், எக்ஸாஸ்டட், ஐ ஸ்டெப்ட் அவுட், வழவழவென்று வந்தது, ஒரு இடத்திலும் பிசிறு இல்லை, கேட்கும்போது எனக்கே என் மேல் இரக்கம் வந்தது, அதனாலேயே அழித்தேன். பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்து, அதற்கு மேல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்ததில் கிடைத்த லாபம் இது, எது எங்கே கௌரவமாகத் தெரியும் என்று தெரியும். தமிழில் ஒரே வாக்கியம்தான் இருக்கிறது, உன்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டேன். போனைக் கட்டில் மேல் வைத்தேன். சொல்லாமலே இருந்தால்? நாளைக் காலை ஆறு மணிக்கு நான் ஓடிவிடப் போகிறேனா, இந்த வயதில், வடவள்ளியிலிருந்து எந்த பஸ் ஏறுவேன்? மாட்டேன். மாட்டேன் என்பதற்கு என்ன அத்தாட்சி? அன்று காலையில் கேட்டிருந்தாலும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அவள் இங்கே வந்து படுத்த பிறகு சொன்னால், தையல் காயத்தோடு எங்கே எழுந்து போவாள். இப்போது என்றால் இன்னும் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிறாள், கார் எந்த வீட்டுப் பக்கமும் திரும்பலாம். கூப்பிட்டேன். எடுத்தது வசந்தாமணியம்மா.

"சொல்லுங்கண்ணா. டாக்டர் வெரசாவே வந்துட்டாங்க, கையெழுத்து ஆச்சுங்க. அவ பால் குடுத்துட்டிருக்கறா. கார் வந்தாக் கெளம்பறதுதான்."

"அவகிட்ட ஒண்ணு சொல்லோணுங்க."

"எங்கிட்டச் சொல்லுங்க, சொல்லிக்கறேன்."

சொன்னேன். அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் போல இருந்தது, கேட்ட ஆள் அவர்தானே. பூட்டியது, பஸ், ஒன்றே முக்கால் மணி நேரம், மான்செஸ்டர் வண்டி. வறுவலையும் சொன்னேன். அந்தப் பக்கம் செருப்புச் சத்தம், கதவு, பிறகு வராந்தாவின் இரைச்சல். வெளியே வந்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, அன்னிக்கு நான் அத்தன பேரு முன்னால கேட்டனே, அப்ப வாயத் தொறந்திருக்கலாமில்லீங்க? என்னையப் பொல்லாத மாமியாளாக்கிப் போட்டுச் சிரிச்சுட்டு நின்னீங்களே."

"ஆமாங்க."

"ஆமாங்கன்னா?"

"நின்னேங்க. தப்புங்க."

குரல் இறங்கியது. "செரி, போகுது. எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அது போதும். நானே ஒரு மாசம் அங்க வந்து இருந்துக்கறேன். மொழங்கால் வலிச்சா வலிச்சுட்டுப் போகுது. புள்ளகிட்ட மட்டும் சொல்லாதீங்க. பச்ச ஒடம்புக்காரி, மனசு ஒடஞ்சா பால் வத்திப் போயிரும். ஒங்க மேல அவ வெச்சிருக்கறது அப்படியே இருந்துட்டுப் போகட்டுமுங்க."

எவ்வளவு சுலபம், எவ்வளவு நல்ல மனுஷி. குழந்தைக்குக் காவல் வந்துவிட்டது, எனக்குப் பெயர் மிச்சம். பூங்கோதையும் இதைத்தானே செய்தாள், தெரிந்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு, குழந்தையை மட்டும் என் கைக்கு வராமல் பார்த்துக்கொண்டாள், அதில் என்ன குறை, நித்திலா நன்றாகத்தானே வளர்ந்தாள், அப்பா அப்பா என்று. நான் உம் என்றால் போதும். இனி இந்த அம்மா இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இந்த வீட்டில் முழங்கால் வலியோடு நடப்பார், நான் சோபாவில் இருப்பேன், வருகிறவர்களிடம் நாலு நாள் கதையை நித்திலா சொல்லும்போது இரண்டு பேரும் தரையைப் பார்ப்போம்.

"அவகிட்டப் போனைக் குடுங்கம்மா."

"அண்ணா, சொன்னாக் கேளுங்க."

"கார் வர்றதுக்குள்ள குடுங்க."

மறுபடி கதவு. மறுபடி செருப்பு. "இந்தா கண்ணு, ஒங்கப்பா." குரலில் கோபமா, வேறு ஏதாவதா, பிரிக்க முடியவில்லை.

"அப்பா, பேடு வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேன். மேல் தட்டுல இருக்குது. அம்மிணி, நீ கார் ஏறதுக்குள்ள ஒண்ணு சொல்லோணும். உங்கம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப மூணாம் நாள் உன்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டு நான் போயிட்டேன். பஸ் ஏறி. ஒண்ணே முக்கா மணி நேரம். எதிர்வீட்டு அம்மா தபால் துவாரத்துல உங்கூடப் பேசிட்டு உக்காந்திருந்துச்சு. நான் அங்க போய்ச் சாப்பிட்டுட்டு நின்னேன். சந்தோசமா இருந்தேன். திரும்பி வராம ஊருக்கே போயிரலாமான்னு வண்டி கேட்டேன்."

குழந்தை பால் குடிக்கிற சத்தம் மட்டும், சப்பி, நின்று, மூச்சு வாங்கி, சப்பி. அதுதான் நான் கேட்கிற முதல் சத்தம் பேத்தியிடமிருந்து என்று அப்போது தோன்றியது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்குது. எனக்கே இன்னிக்குத்தான் புரிஞ்சுது."

"அத்தை முன்னாடி நான் எப்படிப் பேசினேன், ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"இருக்குது."

"ஒரு வார்த்தை சொல்லலை."

"சொல்லலை."

"இப்ப ஏன் சொல்றீங்க? பால் குடுத்துட்டிருக்கறப்ப?"

"இன்னும் நீ அவங்க வீட்டுக்குப் போகலாம். அதுக்குத்தான்."

அழுகிறாளா என்று கேட்டுப் பார்த்தேன். இல்லை. மூக்கை உறிஞ்சினாள், ஒரு தரம்தான். பிறகு அவள் பேசிய குரல் நான் கேட்டிராதது, ஆபீஸில் யாரிடமோ பேசுகிற குரல்.

"நான் அங்கதான் வர்றேன். எனக்கு என் ரூம் வேணும். அத்தையும் வருவாங்க. கேளுங்க, நானா உங்க கையில குடுக்காம நீங்க அவளைத் தூக்கக் கூடாது."

"சரி."

"எவ்வளவு கத்தினாலும். என்னை எழுப்புங்க, இல்லைன்னா அத்தையக் கூப்பிடுங்க. தூக்கக் கூடாது."

"சரி அம்மிணி."

"எந்திரிச்சும் போகக் கூடாது. அவ பக்கத்துலயே உக்காந்திருக்கணும். அவ நிறுத்தற வரைக்கும்."

இருப்பேன் என்று சொன்னேன். சொன்னது அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை, போனை வைக்காமல் எங்கேயோ கீழே போட்டுவிட்டாள், படுக்கை மேல் இருக்கலாம், வசந்தாமணியம்மா தூரத்தில், "ஒங்கப்பாவை எனக்கும் சேத்து அரிசி போடச் சொல்லு" என்கிறார், துணி மடிக்கிற சத்தம், பையின் ஜிப், யாரோ சக்கர நாற்காலி கொண்டு வருகிறார்கள். அதற்குள் மார்பிலிருந்து எடுத்திருப்பார்கள் போல, குழந்தை அழத் தொடங்கியது. முதலில் இழுத்து இழுத்து, பிறகு ஒரே வீச்சாக. போனைக் காதிலிருந்து எடுக்காமல் நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.